இன்னும் குதிக்கக் கூடாது

1997 ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். தண்ணீர் லாரி வரவில்லை. பாப்பாவுக்கு இன்று எழுபதாவது நாள்.

மூன்று தும்மல். மூன்று தடவையும் பாவாடை நனைந்தது. குடத்திலிருந்த தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன்.

"இன்னாடி, எப்போ பாரு தொவச்சிக்கினே கீற?" அம்மா.

பாப்பா நனைத்துவிட்டாள் என்றேன். பாவம், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாலை ஸ்டெல்லா வந்தாள். ஒரே ஆபீஸ், ஒரே வாலிபால் டீம். ஆறு வருஷமாக அவள் பந்தைத் தூக்கிக் கொடுப்பாள், நான் எழும்பி அடிப்பேன். ஆகஸ்ட் கடைசியில் டீம் செலக்ஷன்.

"வந்துடுவ இல்ல?"

"வராம?"

சொல்லிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

அடையாறு. பிரசவம் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்த பிசியோதெரபி மேடம். வெளிநாட்டில் படித்தவராம். படுக்கவைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேல் விரல் வைத்தார். இரண்டு விரல் உள்ளே போகிறது. தசை நடுவில் விலகியிருக்கிறதாம்.

கிளம்பும்போதுதான் மற்றதை, தும்மினால் நனைந்துவிடுவதைச் சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "நெறைய பேருக்கு இருக்கும்மா. யாரும் வெளியே சொல்றதில்ல, அவ்வளவுதான்."

பயிற்சிக்குப் பெயர் பிலாட்டீஸ். ஏதோ பலகாரம் மாதிரி. தினம் இரண்டு வேளை:

– மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, விலா விரிய மூச்சு. 10.
– மூச்சை விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இழுத்துப் பிடிக்க. 10.
– இடுப்பை மெதுவாகத் தூக்கி, முதுகெலும்பை ஒவ்வொரு எலும்பாகத் தரையில் இறக்க. 8.

"எப்போ குதிக்கலாம் மேடம்?"

"இப்போதைக்குக் கூடாது. முதல்ல மூச்சு விடக் கத்துக்குங்க."

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் நல்ல காற்று. அப்போது அழுகை வந்தது. மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடியவளுக்கு மூச்சு விடத் தெரியவில்லையாம்.

ஜூலை 16, புதன்

காலை செய்தேன். மாலை பாதி. பாப்பா வயிற்றுவலியில் ஒரே அழுகை. லீவை ஒரு மாதம் நீட்ட எழுதிப் போட்டாயிற்று.

பின்தெருப் பள்ளிக்கூடத்தில் யாரோ பந்தாடுகிறார்கள். சிமெண்டில் விழும் சத்தம். பாயில் படுத்தபடி எண்ண ஆரம்பித்து, பயிற்சிக் கணக்கை விட்டுவிட்டேன். இரண்டு அடி ஓட்டம், இரண்டு காலும் சேர்த்து ஒரு உந்தல், அப்புறம் வலைக்கு மேலே அந்த ஒரு கணம். கீழே வருவதற்கு முன் அங்கேயே நிற்பதுபோல் இருக்குமே, அது. அங்கே நான் யாருக்கும் மகளில்லை, மனைவியில்லை. அம்மாவும் இல்லை.

கடைசி வரியை அடிக்க நினைத்தேன். அடிக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

வேலூரிலிருந்து இவர் வந்துவிட்டுப் போனார். பஸ் ஏற்றிவிட அம்மாவும் கூடப் போனாள். பாப்பா தூக்கம். வீட்டில் யாருமில்லை.

பின்கட்டில் கொடிக்கயிறு வலை உயரம் இருக்காது. இருந்தாலும் இரண்டு அடி எடுத்துவைத்து எழும்பினேன். ஒரே ஒரு தடவை.

கணுக்கால் வரை வழிந்தது.

நிமிர்ந்தால் அம்மா பின்வாசற்படியில், கையில் பால் பாக்கெட்டோடு. திட்டுவாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்தினாள். பாலைக் கீழே வைத்தாள்.

"உனக்குமாடி?"

எனக்குப் புரியவில்லை.

"எனக்கும் அப்டிதான் கீது. நீ பொறந்ததுலேர்ந்து."

இருபத்தாறு வருஷம். பண்ருட்டியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அம்மா போவதே இல்லை. அக்கா தங்கைக்குள் ஏதோ மனஸ்தாபம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

"பஸ்ல அத்தினி நேரம் குந்திக்கினு போவணும். நடுவுல இருமல் வந்துட்டா? பக்கத்துல ஆளுங்க கீறாங்க, நாத்தம் வருமேன்னு..."

"டாக்டர்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

"இதைப் போயி சொல்லுவாங்களா?"

பெரியம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் கார்டு போடுவாள். எப்போ வருவே, எப்போ வருவே என்று. அம்மா அத்தனையையும் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். எடுத்துக் காட்டினாள். நான் படித்தேன். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. எனக்கு முன்னால் யாரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாளோ.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மாவையும் மேடத்திடம் காட்டினேன். வெட்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

மாலையில் இரண்டு பாய். நான் எண்ண, அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, "விடட்டாடி? விடட்டா?" சிரித்துவிட்டாள். சிரித்ததில் நனைந்தது. மறுபடி சிரித்தாள்.

ஆகஸ்ட் 30, சனி

அம்மா பண்ருட்டிக்குப் போயிருக்கிறாள், பையில் நாலு துணி கூடுதலாக. நேற்று மேடம் பார்த்ததில் ஒரு விரல் இடைவெளி. குதிக்க இன்னும் நாளாகும்.

இன்று செலக்ஷன். பேர் கொடுக்கவில்லை. வீட்டில் இருப்பு கொள்ளாமல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். என் இடத்தில் புதுப் பெண், பத்தொன்பது வயதிருக்கும். நல்ல உயரம். ஆனால் அவசரம், பந்து வருமுன் எழும்பிவிடுகிறாள். மூன்று பந்து வலையில்.

பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன்.

"அவசரப்படாதே! பந்து அவ கையை விட்டுக் கெளம்பட்டும், அப்புறம் போ!"

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். அடுத்த பந்தைத் தூக்கினாள், எனக்குத் தூக்கும் அதே உயரத்தில்.

அந்தப் பெண் காத்திருந்தாள். எழும்பினாள். பாப்பாவை இறுக்கிப் பிடித்தபடி நின்ற என் குதிகால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. விரல் நுனி மட்டும் மண்ணில்.