மாலை போட்ட முகம்

வெள்ளி இரவு, ஸ்ரீவில்லிபுத்தூர்.

சொல்ல வெட்கம். நான் நடித்த சீரியலில் என் போட்டோவுக்கு மாலை போட்டதை டிவியில் பார்த்து நானே அழுதேன். கச்சேரியில் பாடப் போகிறேன் என்று விலகினேன்; கதையில் என்னைக் கொன்றுவிட்டார்கள். அந்தப் போட்டோவைத் தினமும் காட்டுகிறார்கள்.

இன்று ராஜபாளையத்தில் கல்யாணக் கச்சேரி. மைக்கைப் பிடித்ததும் பெண்ணின் பெரியம்மா மேடைக்கே வந்துவிட்டார்.

“ஏம்ப்பா, மாலை போட்டு வெளக்கேத்துன மொகத்த மணமேடைப் பக்கம் நிறுத்தலாமா?”

“டிவியிலதான் செத்தேன் மதினி. பசி இன்னும் சாகல.”

யாரும் சிரிக்கவில்லை. இறங்கினேன்.

குழு நடத்தும் முருகன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “இனி கல்யாணத்துக்கு ஒங்களக் கூப்பிட முடியாதுண்ணே.”

கல்யாணம் இல்லையென்றால் எனக்குப் பாட்டே இல்லை. சீரியலுக்கும் திரும்ப முடியாது. செத்தவன் எப்படித் திரும்புவான்?

வீட்டுக்கு வந்து, பழக்கத்தில் தொண்டைக்குப் பால் காய்ச்சினேன். பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.