காதில் மட்டும் சொல்லும் பெயர்

நின் பின் நகரம்,
1998 மார்ச் 12

அன்புள்ளவருக்கு,

மியென் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் நலத்துக்காக ஊரில் உங்கள் வீட்டு முன்னோர் பீடத்தில் ஊதுபத்தி ஏற்றினேன். டவுனுக்குத் திரும்பியதும் என் அறையிலும் ஒன்று ஏற்றினேன். டெட் புத்தாண்டுக்காவது உங்கள் கடிதம் வரும் என்று பார்த்தேன். தபால்காரர் இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

மாமாவின் திதி நன்றாக நடந்தது. மூத்த மருமகள் என்பதால் படையல் சேவல் என் பொறுப்பு. தலை நிமிர்ந்து, இறக்கை மடங்கி, பீடத்தைப் பார்த்து வணங்குவது போல அது வேக வேண்டும். இந்த வருஷம் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. உங்கள் தம்பி மனைவி சுயென் அதைப் பார்த்துவிட்டு, "கோழிகூட வெளிநாட்டுப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்குது அக்கா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள் தம்பி பாங் மட்டும் கழுத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தான். கல் செதுக்கும் கை. ஆனாலும் வெந்த கோழி கேட்கவில்லை.

அருங்காட்சியகத்தில் எனக்கு இப்போது வேறு வேலை. மாகாணத்துப் பழைய புத்தர் கோயில்களில் இருக்கும் கல்வெட்டுகளைப் படியெடுக்க என்னை அனுப்புகிறார்கள். கனிந்த வாழைப்பழத்தைத் தண்ணீரில் கரைத்துக் கல்லில் பூசி, மரப்பட்டைக் காகிதத்தை ஒட்டி, பாதி காய்ந்ததும் மை உருட்ட வேண்டும். கறுப்பில் எழுத்து வெள்ளையாக எழும்பும். கல்லூரியில் நான் படித்த சீன எழுத்துக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

காகிதத்துக்காகப் போன வாரம் அது செய்யும் ஊருக்கே போனேன். தெரு முழுக்க ஈரத் தாள்களைச் சுவரில் ஒட்டிக் காயவைத்திருந்தார்கள். தொட்டியில் கைவிட்டுக் கூழை அள்ளிக்கொண்டிருந்த பெண் என்னிடம் கேட்டாள்: "வீட்டுக்காரர் எங்க?" செக் நாட்டில் என்றேன். "அப்ப இந்தத் தாள்ல அவருக்குக் கடுதாசி எழுதாதீங்க. நூறு வருஷம் ஆனாலும் கிழியாது. சண்டை போட்டு எழுதினா அதுவும் அப்படியே நிக்கும்."

அதனால்தான் இதைச் சாதாரணத் தாளில் எழுதுகிறேன். குளிர் குறைந்ததா? நான் அனுப்பிய இஞ்சி மிட்டாய் வந்ததா?

உங்கள் மியென்


ஆஸ்த்ராவா,
1998 மே 3

அன்பு மியெனுக்கு,

உன் கடிதமும் மிட்டாயும் வந்தன. கோழி விஷயத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

சந்தையில் என் கடை பரவாயில்லை. குடை, ஜீன்ஸ், ரப்பர் செருப்பு. மழை வந்தால் குடை போகும், வெயில் வந்தால் செருப்பு போகும். இதையே பதினோரு வருஷமாக உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் விட்டது வேறு.

இங்கே தாவ் என்று ஒருத்தி இருக்கிறாள். சைகோன் பக்கத்துக்காரி, பக்கத்துக் கடை. எங்களுக்கு ஒரு பையன். வீட்டில் லாம், வெளியே மிலான். செப்டம்பரில் பள்ளிக்கூடம் சேர வேண்டும். அவன் பேருக்குப் பின்னால் என் பேர் சட்டப்படி வர வேண்டுமென்றால் நான் தாவைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் நீ கையெழுத்துப் போட வேண்டும். விவாகரத்துத் தாள்களை இதோடு வைத்திருக்கிறேன்.

நீ ஒன்றும் கேட்க மாட்டாய் என்று தெரியும். அதுதான் எனக்குக் கஷ்டம். இது சர்க்காருக்கான காகிதம் மட்டும், மியென். நம் வீட்டில் நீ எப்போதும் மூத்த மருமகள்தான். பாங்குக்கும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஹோவான்


நின் பின்,
1998 ஜூலை 26

அன்புள்ளவருக்கு,

தாள்கள் கிடைத்தன. மேசை மேல் இருக்கின்றன. காற்றில் பறக்காமல் இருக்க மை அரைக்கும் கல்லை மேலே வைத்திருக்கிறேன். பையன் யார் சாயல் என்று நீங்கள் எழுதவில்லை.

எனக்கு உடனே பதில் எழுதத் தெரியவில்லை. அதனால் நான் போன ஒரு கோயிலைப் பற்றி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரையில் சின்னக் கோயில். தாம் நுவான் என்ற பிக்குணி தனியாகப் பார்த்துக்கொள்கிறார். நான் பழத்தைக் கரைப்பதைப் பார்த்ததும் வாசலிலிருந்தே சத்தம் போட்டார்: "ஏம்மா மியூசியத்துப் பொண்ணே, புத்தருக்கு வச்ச பழத்தைக் கல்லுக்கு ஊட்டுறியா?"

"இது நான் கொண்டு வந்த பழம் அம்மா."

"அப்ப சரி. கல்லு சாப்பிட்டது போக மிச்சம் இருந்தா எனக்குக் குடு."

கல்லில் இருந்தது முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி. த்ரின் குடும்பத்துப் பெண். குழந்தை இல்லை. கணவன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்துவிட்டான். தன் வயலைக் கோயிலுக்கு எழுதி வைத்து, தன் திதி நாளில் ஒரு தட்டு பசையரிசிச் சோறும் வெற்றிலையும் தனக்கு வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நம் பக்கத்துக் கோயில்களில் இப்படி எத்தனையோ கல் உண்டு. சின்ன வயதில் அவற்றில் உட்கார்ந்துதான் வேர்க்கடலை தின்றிருக்கிறோம்.

நான் போன நாள்தான் அவள் திதி. பிக்குணி சோறு வடித்து வைத்திருந்தார். "வயலைத்தான் கூட்டுறவுப் பண்ணை எடுத்துக்கிச்சே அம்மா" என்றேன்.

"வயலை எடுத்துக்கிச்சு. பசியை எடுத்துக்கலையே."

எந்தப் பெயர் சொல்லி அவளைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். கல்லில் இருப்பது ஊருக்கான பெயர். செத்தவர்களைத் திதிச் சோற்றுக்குக் கூப்பிடும் பெயர் வேறு. "அது எனக்கு முன்னாடி இருந்தவங்க என் காதுல சொன்னது. உனக்குச் சொன்னா, வழியில திரியுற பேய் பிசாசெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு வந்து தட்டு முன்னால உக்காந்துடும். அப்புறம் அந்த அம்மா எதைச் சாப்பிடும்?"

படைத்த சோற்றில் எனக்கும் ஒரு பிடி கொடுத்தார். சாப்பிடும்போது உங்கள் நினைவு வந்தது. நீங்கள் விமானம் ஏறப் போன அன்று படகுத்துறையில் நாம் நமக்கான அந்தப் பெயர்களை ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டோமே. கிழவர்கள் சாகப்போகும்போது செய்வதை நாம் முப்பது வயதில் செய்தோம், விமானம் விழுந்துவிடும் என்ற பயத்தில். எனக்கு நீங்களே ஒரு பெயர் வைத்தீர்கள். நான் சிரித்ததில் படகுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நான் கேட்க நினைப்பது இதுதான். கையெழுத்துப் போட்டுவிட்டால், செத்த பிறகு உங்கள் வீட்டுப் பீடத்தில் எனக்கு இடமில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பீடத்திலும் இடமில்லை. நமக்குப் பிள்ளையும் தங்கவில்லை. எனக்கு எங்கே சோறு வைப்பார்கள்? நான் கோபத்தில் எழுதவில்லை. ஒரு படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று கேட்பது போலக் கேட்கிறேன்.

உங்கள் மியென்


ஆஸ்த்ராவா,
1998 டிசம்பர் 9

மியென்,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இப்போது பரவாயில்லை, பயப்படாதே. ஜன்னலுக்கு வெளியே பனி. பக்கத்துப் படுக்கைக் கிழவர் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவர் என்னிடம் பேசிக்கொண்டே இருக்கிறார், நான் தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன்.

காய்ச்சல் முற்றிய நாட்களில் நான் ஏதோ பெயரைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் முனகினேனாம், இன்னதென்று காதில் விழவில்லையாம். தாவ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: "யார் அது? இன்னொருத்தியா?" அது என் பெயர்தான், செத்த பிறகு என்னைக் கூப்பிட வேண்டிய பெயர் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "எங்க பக்கத்துல பேரைச் சொன்னா ஆளு வந்துடும். உங்க பக்கத்துல பேய்க்குக்கூட அடையாள அட்டை வேணுமா?" என்றாள். நல்லவள்தான். ஆனால் அவள் காதில் நான் அதைச் சொல்ல முடியாது. பையனுக்கு நம் மொழியில் பசி, தூக்கம், அப்பா என்பதற்கு மேல் வராது.

உன் கேள்விக்குப் பதில் எழுதவில்லை என்று தெரியும். அதற்கு முன்னால் நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் இங்கேயே போய்விட்டால் அந்தப் பெயர் தெரிந்தவள் உலகத்தில் நீ ஒருத்திதான். அதைப் பாங்கிடம் சொல்லிவிடு. எழுதிக் கொடுக்காதே. காதில் சொல்.

ஹோவான்


நின் பின்,
1999 ஜனவரி 17

அன்புள்ளவருக்கு,

சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். கல்பட்டறையில் பாங் ஒரு சிங்கத்துக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வெள்ளைத் தூள், கண் மட்டும் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டு, காதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு வந்தான். நான் சொன்னேன். உதடு மட்டும் அசையத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "அண்ணனுக்கு இவ்வளவு நல்ல பேரா?" என்றான். பிறகு, "உங்களோடதையும் சொல்லிடுங்க அண்ணி. ரெண்டையும் சேர்த்தே ஞாபகம் வச்சுக்கிறேன்" என்றான்.

நான் குனிவதற்குள் சுயென் அடுக்களையிலிருந்து சொன்னாள்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா அந்தப் பேரை நம்ம வீட்டுல யாரு, எந்த உரிமையில கூப்பிடுறது? நாளைக்கு அந்தப் பையன் வந்து நின்னா அவன் அம்மா பேரைத்தானே சொல்லணும்."

பாங் அவளை முறைத்தான். ஆனால் அவள் சொன்னது வழக்கம்தான். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் மெதுவாக. கிளம்பும்போது வாழையிலையில் கட்டிய பசையரிசிப் பணியாரத்தை என் பையில் திணித்தாள். பஸ்ஸில் வந்து பிரித்தால் இன்னும் சூடாக இருந்தது.

நான் என் பெயரைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

மியென்


நின் பின்,
1999 ஏப்ரல் 20

ஹோவான் அவர்களுக்கு,

தாள்களில் கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்புகிறேன். செப்டம்பர் போய்விட்டது. அடுத்த செப்டம்பருக்காவது பையன் உங்கள் பெயரோடு பள்ளிக்கூடம் போகட்டும்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்த ஆற்றங்கரைக் கோயில்தான். பிக்குணியிடம் கேட்டபோது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வயல் இருக்கா உனக்கு?" என்றார். இல்லை என்றேன். "அப்ப பின்னால நாலு வாழைக் கன்னு வை. கல்லுக்கும் ஆகும், எனக்கும் ஆகும்" என்றார். வைத்திருக்கிறேன். ஒன்று பட்டுப்போனது, மற்றவை குருத்து விட்டிருக்கின்றன.

"நான் உனக்கு முன்னாடி போயிடுவேன், தெரியுமில்ல?" என்றும் கேட்டார். தெரியும் என்றேன். என் பெயரை அடுத்து வருபவர் காதில் சொல்லிவிட்டுத்தான் போவாராம். "இந்தப் பக்கம் வா. அந்தக் காது மந்தம். அங்க சொன்னா வேற யாரையாவது கூப்பிட்டுடுவேன்."

கோயிலில் வைக்க எனக்கான கல்லைப் பாங் வெட்டித் தந்தான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அதில்தான் ஒரு தவறு நடந்தது. தங்கள் திதியைக் கோயிலில் எழுதி வைக்கும் பெண்களின் கல்லுக்கு அவனிடம் ஒரு வாசகம் உண்டு. பல வருஷமாக அதையே வெட்டி வெட்டி அவன் உளிக்குப் பழகிவிட்டது. 'ஃபாம் குடும்பத்து மூத்த மகனின் மனைவி' என்று தொடங்கி என் பெயர் வரை வெட்டிவிட்டான். தேதிக்கு இடம் விட்டபோதுதான் உறைத்ததாம். நான் போனபோது கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தான். "இப்படியே விட்டுடலாம் அண்ணி. கோயிலுக்குப் பின்னால யாரு வந்து படிக்கப் போறாங்க?" என்றான்.

படிப்பவர்கள் வருவார்கள். நானே படிக்கிறவள்தானே. முந்நூறு வருஷம் கழித்து யாரோ ஒருத்தி வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்து, இவளுக்குக் கணவன் இருந்தான், அவன் வீடு இருந்தது, பிறகு ஏன் இங்கே வந்தாள் என்று யோசிப்பாள். அவளை நான் குழப்பக் கூடாது. அந்த வரியை இழைத்துவிடச் சொன்னேன். அவன் மெஷினைப் போடுவதற்கு முன் ஒரே ஒரு படி எடுத்துக்கொண்டேன். இப்போது அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் பள்ளமாக, வழவழப்பாக இருக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும் என்று பாங் கவலைப்படுகிறான்.

அந்தப் படியை உங்களுக்கு அனுப்புகிறேன். மரப்பட்டைக் காகிதம், மடித்தாலும் கிழியாது. வேண்டாம் என்றால் குடைகளுக்கு அடியில் எங்காவது போட்டு வையுங்கள். எரிக்க மட்டும் வேண்டாம். எரிப்பது செத்தவர்களுக்கு அனுப்புவதாகிவிடும், நான் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. உங்கள் பெயர் பாங்கிடம் பத்திரமாக இருக்கிறது. நானும் அதை இனி வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை. லாம் பெரியவனாகி ஒரு நாள் இங்கே வந்தால் பாங் அவனுக்குச் சொல்வான். அவனுக்கு மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, காதில் விழுந்தால் போதும்.

படகுத்துறையில் நீங்கள் எனக்கு வைத்த பெயரை நான் பிக்குணியிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் குனிந்தேன். வாயில் வேறு ஒன்று வந்தது, நானே வைத்தது. அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

ஆகவே பழையதை நீங்கள் மறந்துவிடலாம். எப்போதாவது, காய்ச்சலிலோ தனிமையிலோ, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் தவறில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு இனி நான் வர மாட்டேன்.

மியென்