லாட்ஜ் வேலையும் முனிரத்தினமும்

வெள்ளிக்கிழமை

திருப்பதியில் ஒரு லாட்ஜுக்கு இன்று என்னிடம் மெக்கானிக்காக இருக்கும் முனிரத்தினத்தோடு போனேன். நாற்பது ஏசிகளை வருடம் முழுக்கப் பராமரிக்கும் வேலை. ரேணிகுண்டாவில் ஒர்க்‌ஷாப் திறந்த நாளிலிருந்து இப்படி ஒன்றுக்குத்தான் காத்திருந்தேன். சோதனைக்குக் காட்டிய ஏசியை முனிரத்தினம்தான் சரிசெய்தான். லாட்ஜ்காரரோ என்னைப் பார்த்து, "ஒவ்வொரு வாட்டியும் நீங்களே வரணும். ஆளை அனுப்பக் கூடாது" என்றார்.

"நானே வரேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்து பைக்கை விட்டு இறங்கியதும் முனிரத்தினம் கேட்டான்: "ஆறு வருஷமா உன்கூட வேலை செஞ்சிக்கினு இருக்கேன். நான் இன்னும் ஆளுதானாண்ணா?"

எல்லா இடத்துக்கும் நானே ஓடுவதால்தான் தொழில் வளரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் 'நீங்க வந்தாத்தான்' என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் இனிக்கிறது.

சாயங்காலம் அவன் எதிரிலேயே லாட்ஜுக்குப் போன் செய்தேன். "சார், இன்னிக்கு ரிப்பேர் பண்ணது முனிரத்தினம். இனிமே அவருதான் வருவார். அவர் வேலைக்கு நான் பொறுப்பு."

"யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

"வேலை போச்சாண்ணா?"

"போனா போவட்டும்."

அவன் சிரிக்கவில்லை. ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட்டான். கிளம்பும்போது, "நாளைக்குப் புத்தூர் வேலையை நான் பார்த்துக்கிறேன், நீ கடையில இரு" என்றான். இதுவரை என்னைக் கேட்காமல் எதையும் அவன் முடிவு செய்ததில்லை. சரி என்றேன்.

லாட்ஜ் வேலை கிடைக்குமா, தெரியவில்லை. நாளை முழுக்கக் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நினைத்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.