எந்தக் காலின் அளவு

மச்சி,

இன்று காலை இராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் புது எலாஸ்டிக் துணியின் வாசனை அடித்தது. ரப்பரும் பவுடரும் கலந்த அதே வாசனை. உடனே நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். மார்பில் அறுவை செய்த பிறகு எனக்கு இடது கை வீங்கிக் கிடக்கிறது. அதற்கு இறுக்கமான உறை ஒன்று போட்டுக்கொள்ளும்படி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைப்பெண் டேப்பை எடுத்துக்கொண்டு, "கைய நீட்டுங்க பாட்டிம்மா" என்றாள். நீட்டினேன். நீட்டிய கையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாவம், அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு நான் பாம்பனுக்கு வந்த காலத்தில் தனுஷ்கோடியிலிருந்து கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கொழும்பில் ஜவுளிக்கடையில் வேலை. நீங்கள் கணவரை இழந்து, ஒரே மகளோடு நம் வீட்டில் இருந்தீர்கள். உங்கள் வலது கால் யானைக்கால். வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள். 'மச்சிக்குக் கால் சுகமில்லை' என்பதோடு சரி. நீங்களோ 'என் கால்' என்றுகூடச் சொன்னதில்லை. "இன்னைக்கு அவ மொரண்டு பண்றா புள்ள" என்பீர்கள், எவளோ ஒரு பிடிவாதக்காரி அழையாமல் வந்து தங்கிவிட்டது போல. மீன் கொண்டுவருகிறவர் செவுளைத் தூக்கிக் காட்டாமல் உங்களிடம் தப்ப முடியாது. அவ்வளவு வாய். ஆனால் வாசல்படி தாண்டமாட்டீர்கள்.

மகளுக்கு இராமநாதபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பேசி முடித்த மறுநாள், மீன் ஆய்ந்துகொண்டே சொன்னீர்கள்:

"கல்யாணத்தன்னைக்கு நான் உள்ரூம்புல படுத்துக்கிறேன். காய்ச்சல்ன்டு சொல்லிரு. சம்பந்தி வீட்டுப் பொம்பளைய எம் மூஞ்சியவா பாக்கப் போறாக? கீழதான் பாப்பாக. இது புள்ளைக்கும் வருமோன்டு கேப்பாக."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெற்ற மகள் மணப்பெண்ணாக உட்கார்ந்திருக்கும்போது தாய் போர்வைக்குள் ஒளிந்துகொள்வதா?

கால் வீக்கத்துக்கென்று ரப்பர் நூல் கலந்து நெய்த இறுக்குக் காலுறை கொழும்பில் கிடைக்கும் என்று உங்கள் தம்பி சொல்லியிருந்தார். அளவு அனுப்பினால் வாங்கி வருவதாகச் சொன்னார். நம் பக்கத்தில் அளவென்றால் நூல்தானே. வளையலோ கொலுசோ, நூலில் முடிச்சுப் போட்டுத்தான் கொழும்புக்குக் கொடுத்துவிடுவோம். உங்களிடமும் நூலைக் கொடுத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முடிச்சுப் போட்டு எடுத்து வந்தீர்கள்.

ஊருக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த காலுறை உங்கள் குதிகாலைத் தாண்டவில்லை. நானும் உங்கள் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று உங்கள் தம்பி குதித்தார். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மெதுவாக இடது காலை நீட்டி, "இதுல போட்டுப் பாரு" என்றீர்கள். தைத்தது போலப் பொருந்தியது.

"நல்ல காலையா மச்சி அளந்திய?"

"எங் கால் அளவுன்டுதானே கேட்ட? எங் கால் இதுதான். அவ எங்கிட்டோ இருந்து வந்து ஒட்டிக்கிட்டவ."

உங்கள் மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் காலை உங்களுடையது என்று நீங்கள் ஒத்துக்கொள்ளாதவரை எந்தக் காலுறையும் உங்களுக்குச் சேராது என்று பட்டது.

மறுவாரம் உங்களை வம்படியாக ரயிலேற்றி இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த நர்ஸம்மா ஒற்றை நூல் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மொதல்ல துணிக்கட்டுப் போடுங்க. வடியிற வரைக்கும் வடியட்டும். இதுக்கு மேல வடியாதுன்னு தெரிஞ்சப்புறம் அளவெடுங்க. காலையில, காலைத் தரையில வைக்கிறதுக்கு முன்னாடி எடுக்கணும். சாயங்காலம் எடுத்தா அது வீக்கத்தோட அளவு, காலோட அளவு இல்ல" என்றார்.

அன்றிலிருந்து நம் காலைப்பொழுதுகள் அப்படித்தான் தொடங்கின. சுபுஹு தொழுதுவிட்டு வந்து காலை நீட்டுவீர்கள். விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை துணி சுற்றுவேன். முதல்நாள், நழுவிவிடக் கூடாதே என்று மேல்சுற்றை இறுக்கி முடிந்துவிட்டேன். சற்று நேரத்தில் உங்கள் விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. "ஏ புள்ள, நான் என்ன தோணியா, இந்தக் கட்டுக் கட்டியிருக்க?" என்று கத்தினீர்கள். பதறி அவிழ்த்தேன். பாதத்தில் இறுக்கமாகத் தொடங்கி மேலே போகப் போகத் தளர்த்திக்கொண்டே போகவேண்டும் என்று அப்புறம் கை பழகிக்கொண்டது.

வீக்கம் ஓரளவு வடிந்து நின்றதும் அளவெடுத்தோம். கணுக்காலுக்குச் சிவப்பு நூல், கெண்டைச் சதைக்குப் பச்சை, முழங்காலுக்குக் கீழே கறுப்பு, நீளத்துக்கு வெள்ளை. நீங்கள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. நான் தடுமாறுவதைப் பார்த்து, நீங்களே குனிந்து நூல் முனையைக் காலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள்.

"போகட்டும். இத்தனை வருசம் இருந்துட்டா. இவளும் நம்ம வீட்டு ஆளுதான். நல்லா அளந்துக்க" என்றீர்கள்.

இந்த முறை வந்த காலுறை சேர்ந்தது. கணுக்காலில் சுருக்கம் விழவில்லை, முழங்காலுக்குக் கீழே வெட்டவில்லை, விரல்கள் நிறம் மாறவில்லை. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கால் ஒன்றும் கொடியாக இளைத்துவிடவில்லை. ஆனால் கனம் குறைந்திருந்தது. உங்களால் நிற்க முடிந்தது.

கல்யாணத்தன்று பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றீர்கள். நான் சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளையின் தாய் உள்ளே வந்தவர் நேராகக் கீழே பார்த்தார். "கால்ல என்ன?" என்று கேட்டே விட்டார். நீங்கள் சேலை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினீர்கள்.

"எங் காலுதான் சம்பந்தி. ரொம்ப நாளா வீக்கம். கொழும்புலேருந்து உடுப்பு வந்துருக்கு. பாத்தியளா, மாப்பிள்ளை சட்டையவிடப் பொருத்தமா இருக்கு."

அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்துவிட்டார். உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை, மச்சி. உங்கள் தம்பி கேட்டால் கோபித்துக்கொள்வார்.

அதன்பிறகு பழையது தளரத் தளரப் புதிதாக அளவெடுத்து மாற்றிக்கொண்டே இருந்தோம். நீங்கள் மவுத்தான அன்று உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது அந்தக் காலை நான்தான் கழுவினேன். பழக்கத்தில் விரலிடுக்கையும் துடைத்தேன்.

இன்று கடையில் நான் ஏன் சிரித்தேன் தெரியுமா? நான் நீட்டியது வலது கை. நல்ல கை. வீங்கிய கையோ முந்தானைக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "இடது கைன்னுல்ல போட்டிருக்கு பாட்டிம்மா?" என்றாள்.

இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இவளும் நம்ம வீட்டு ஆளுதான். நல்லா அளந்துக்கம்மா" என்றேன்.