ஜாடிச் சூளையில் மின்சாரக் கப்பு

பிப்ரவரி 2, 1953. திங்கள்

காலையில் பனி. திருவொற்றியூர் வரும்வரை ரயில் ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. சூளை இன்னும் ஆறவில்லை. நாளை பிரிப்பது.

எங்கள் முதல் இன்சுலேட்டர் சூளை. கம்பத்தில் மின்கம்பியைத் தாங்கும் பீங்கான். ஆட்கள் வாயில் அது ‘கப்பு’. இதுவரை ஊறுகாய் ஜாடி மட்டுமே சுட்ட கைகள். ஜாடி கசிந்தால் எண்ணெய் போகும், இது கசிந்தால் ஆள் போவான் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை போயிற்று.

17ஆம் தேதி மின்சார இலாகாவின் சோதனை. சாயங்காலம் முதலாளி அண்ணாச்சி என் ஆபீசுக்கே வந்துவிட்டார். “தேறுனா நல்லது. தேறலன்னா சூளைய பழையபடி சாடிக்கே விட்டுருவோம், என்ன? யாவாரம் பாருங்க. நீங்க மனசுல வச்சுக்கிடப்புடாது.”

இரண்டு வருஷ வேலை. மனசில் வைக்காமல் வேறெங்கே வைப்பது?

வாங்க: சிவப்பு மை. காப்பித்தூள். தலைவலி மாத்திரை.

பிப். 3. செவ்வாய்

பிரித்தோம். ஒன்றும் வெடிக்கவில்லை, கோணவில்லை. ஒன்றை உடைத்துத் துண்டுகளைச் சிவப்பு மையில் ஊறப்போட்டேன். எடுத்துக் கழுவினால் வெள்ளை வெளேர். துளி மை உள்ளே போகவில்லை. மண் தேறிவிட்டது. ஒரு துண்டைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

ஆனால் மேலே பூசிய கண்ணாடி மெருகில் புள்ளி. எல்லாக் கப்பிலும், தோளில், ஒரே இடத்தில். மங்கலாக, சொரசொரவென்று. மழை பெய்தால் ஈரம் அங்கே தங்கும், மின்சாரம் அதன் வழியே ஊரும். இலாகா தொடாது.

சூளை மேஸ்திரி முனுசாமி தடவிப் பார்த்தார். “அம்மை வாத்தா மேரி கீதும்மா.”

சந்தேகம்: கடற்காற்றின் உப்பு. மெருகு நைசாக அரைபடாதது. விறகுக் கரி.

பிப். 5. வியாழன்

உப்பு இல்லை. அரைப்பும் இல்லை. அதே மெருகைப் பூசிச் சின்ன அடுப்பில் நானே சுட்டேன், சுத்தமாக வந்தது. அப்படியானால் பூசியதற்கும் சூளையில் ஏற்றியதற்கும் நடுவில் ஏதோ.

மத்தியானம் மோர் சாதம், நார்த்தங்காய். சாப்பிட்ட பிறகு ஒரு கப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மோதிர விரலைப் புள்ளியின் மேல் வைத்தேன். பொருந்திற்று.

முனுசாமியைக் கூப்பிட்டேன்.

“சூளை பூஜை அன்னிக்குக் கப்புக்கு என்ன செஞ்சீங்க?”

“பொட்டு வெச்சோம்மா. சந்தனம், குங்குமம்.”

“எதுக்கெல்லாம்?”

“அல்லாத்துக்கும்தான். ஜாடின்னா மொத ஜாடிக்கு மட்டும் வெப்போம். இது புச்சாச்சே. ஒண்ணுக்கு வெச்சி ஒண்ண வுட்டா நல்லாவா கீது?”

ஈரச் சந்தனம் சுடாத மெருகை ஒற்றி எடுத்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். அன்று என்னையும் பூஜைக்குக் கூப்பிட்டார்கள். அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஆபீசிலேயே இருந்துவிட்டேன். போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

“நீங்க வந்திருந்தா உங்களுக்கும் ஒண்ணு வெச்சிருப்போம்” என்றார் முனுசாமி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. காரணம் அகப்பட்டுவிட்டதே.

பிப். 7. சனி

இரண்டாம் சூளை ஏற்றினோம். பொட்டில்லாமல் ஏற்ற யாருக்கும் மனமில்லை. “மொட்டையா ஏத்துனா பேஜாராயிடும்மா” என்று ஒருவர். ஏற்கெனவே ஆனது பேஜார் இல்லையா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. ரசாயனம் சொல்லியும் பயனில்லை. கடைசியில் இப்படிச் சொன்னேன்:

“இது இன்னும் பச்சை மண்ணு. குளிப்பாட்டாத பிள்ளைக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா? வெந்து வெளியே வரட்டும். இன்னிக்குச் சூளை வாசலுக்கு வைங்க.”

முனுசாமி யோசித்தார். “எம்மே படிச்சவங்க பேச்சு மேரியே இல்ல” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறேன். வைத்தது வாசலுக்கு மட்டும்தானா என்று கடைசிவரை அங்கேயே நின்று பார்த்தேன். கற்பூரப் புகையில் கண்ணெரிச்சல்.

பிப். 14. சனி

சுத்தம். ஒரு புள்ளி இல்லை. பாகில் முக்கி எடுத்தது போல மினுமினுப்பு. சில கோணல், அடுக்கிய கோளாறு, சரிசெய்துவிடலாம். கப்பின் வளைவில் என் முகம் தெரிந்தது. கோணலாக இருந்தாலும் நரை தெரியவில்லை.

சோதனை பாக்கி. அதிகம் சந்தோஷப்படக் கூடாது. படுகிறேன்.

பிப். 17. செவ்வாய்

இலாகா இஞ்சினீயர் சின்ன வயசு. வந்ததும், “கெமிஸ்ட் சார் இருக்காரா?” அண்ணாச்சி என்னைக் காட்டி, “சாரு இல்ல, இவுகதான்.” அவர் தொப்பியைக் கழற்றினார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

கப்பின் மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே மின்சாரத்தை ஏற்றினார். முதலில் ஸ்ஸ் என்று ஓசை. பிறகு விளிம்பில் ஊதா வெளிச்சம். இலாகா கேட்ட அளவு வந்தது. தாங்கிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். தாங்கிற்று.

“போதும், தேறிடுத்து.”

“இன்னும் ஏத்துங்க” என்றேன். யார் பேசியது என்பது போல அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

ஏற்றினார். ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் கப்பைத் தாண்டிக் காற்றில் ஒரு மின்னல் வெட்டு, சவுக்கடி மாதிரி சத்தம். எல்லோரும் பின்வாங்கினோம். கப்பில் கீறல்கூட இல்லை.

“காத்துதான் தாங்கல, பீங்கான் தாங்கிடுத்து” என்றார் இஞ்சினீயர்.

“காத்து தோத்துச்சி, கப்பு கெலிச்சிச்சி” என்று முனுசாமி வெளியே நின்றவர்களுக்குச் சொன்னார். ஒரே விசில்.

அண்ணாச்சி கிட்டே வந்தார். “இனி இந்தச் சூளையில சாடி ஏறாது. சாடிக்கு வேற கட்டிக்கிடலாம். மாசம் எம்புட்டு சுடலாம், நாளைக்கே சொல்லிருங்க.”

சரி என்றேன்.

சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் இடம். ராயபுரம் வரை கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வந்த கப்பு. இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள்.