கரை மறையாத கப்பல்

இன்று காலை வாசலில் மீன் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தபோது தபால்காரர் ஒரு வழவழப்பான உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே உன் பெயர். உன் மகன் குடைந்து குடைந்து கேட்பான் என்று, கப்பலுக்கு டிக்கெட் எடுத்த அன்றைக்கு நீதான் என் வீட்டு விலாசத்தைக் கொடுத்தாய். உள்ளே உல்லாசக் கப்பல் படம். மீண்டும் வருக, உங்களுக்கு மட்டும் சிறப்புத் தள்ளுபடி என்று அச்சடித்திருக்கிறார்கள். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த ஆத்திரத்தில் ஈரக் கையோடு கசக்கினேன். அது கசங்கவும் மாட்டேன் என்கிறது, அத்தனை உசத்திக் காகிதம்.

தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அதில்தானே நாம் விழுந்தோம்.

காசிமேட்டில் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முப்பது வருடம் மீன் விற்றோம். அப்பன், புருஷன், மகன் என்று உன் வீட்டு ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போனார்கள். உன்னை ஒரு நாள்கூடப் படகில் கால் வைக்க விட்டதில்லை. பொம்பளை ஏறினால் மீன் படாதாம். "கரையே தெரியாத எடத்துல நின்னா எப்டி இருக்கும்னு அந்தாள கேட்டா, தண்ணிதான் கீது, வேற இன்னான்றான். ஒரு தபா நானே பாத்துட்டு வந்துடணும்மே" என்பாய். புருஷன் இறந்த பிறகும் அதையேதான் சொன்னாய். உனக்கு விருந்து வேண்டாம், ஆட்டம் பாட்டம் வேண்டாம். கரை மறைய வேண்டும், அவ்வளவுதான்.

பாரிமுனையில் அந்த மாடி ஆபீஸில் ஏஜெண்டு முதலில் காட்டியது ஐந்து நாள் பயணம், விசாகப்பட்டினம் வரை. தொகையைக் கேட்டதும் நாம் நம் வேலையைக் காட்டினோம். நீ பாதி விலையில் ஆரம்பித்தாய். நான் முகத்தைச் சுளித்தேன். இருவரும் எழுந்து படியில் இறங்கினோம். மூன்றாவது படியில் கூப்பிட்டான். "உங்களுக்காகப் பண்ணித் தரேன்மா. அதே கப்பல், அதே ரூம், அதே சாப்பாடு. நாள்தான் கொஞ்சம் குறையும்." கப்பல் எவ்வளவு தூரம் போகும் என்று நாம் இரண்டு பேரும் கேட்கவில்லை. ஜெயித்துவிட்ட பெருமையில் கீழே வந்து டீ குடித்தோம்.

நாம் தினமும் செய்கிற வேலை அது. ஓயாமல் பேரம் பேசுகிறவளிடம் சரி என்று தலையாட்டிவிட்டு, அடியில் கிடக்கும் நேற்றைய ஐஸ் மீனை எடுத்து அரிந்து கொடுப்போம். அவளும் சந்தோஷமாகப் போவாள். அதையே ஒருத்தன் நமக்குச் செய்தான், நமக்கு உறைக்கவில்லை.

கப்பலில் எல்லாரும் கொடுத்த காசுக்குத் தின்று தீர்ப்பதிலேயே குறியாக இருந்தார்கள். நானும்தான், மறைப்பானேன். எந்த வேளையில் பந்தியில் கூட்டம் இருக்காது, எந்தத் தண்ணீருக்குக் காசு கிடையாது, போட்டோ பிடிக்கிறவனிடமிருந்து எப்படித் தப்புவது எல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். நீ விடிந்ததும் மேல் தளத்துக்கு ஓடினாய். நான் வந்து பார்த்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி நின்றிருந்தாய். அங்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன.

"இன்னாமே, நம்ம எண்ணூருதானே அது?" என்றாய்.

வெள்ளைச் சட்டை போட்ட ஊழியன் ஒருவனைப் பிடித்துக் கேட்டேன். "இது சும்மா கடலைச் சுத்திக் காட்டுற ட்ரிப்மா, தூரமா போகாது. இந்த ரேட்டுக்கு இதுவே லாபம்" என்றான். அவனைக் கம்பிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம் போல இருந்தது. நீதான் என் கையைப் பிடித்தாய். "உடுமே. நாம எம்மா பேருக்கு ஐஸ் மீன தள்ளிக்கிறோம். அட்த வருசம் துட்ட பாக்காம தூரமா போலாம்." சொல்லிவிட்டுப் பொழுது சாயும் வரை அங்கேயே நின்றாய். கரை மறையவில்லை.

அடுத்த வருடம் என்றவள், மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்து எழுந்திருக்கவே இல்லை. உன் மேலும் எனக்குக் கோபம்தான்.

உன் சாம்பலை உன் மகன் தன் படகில் ஏற்றினான். உயிரோடு இருந்தவரை உன்னை ஏற விடாத படகு. நானும் வருகிறேன் என்றேன்.

"பொம்பள ஏறக் கூடாது அத்த."

"அப்போ இந்தக் கொடத்துல கீறது யாரு, ஆம்பளையா?" என்று கேட்டேன். சுற்றி நின்ற ஆண்களை விலக்கிக்கொண்டு போனேன். ஏறி உட்கார்ந்து குடத்தை மடியில் வாங்கிக்கொண்டேன். துறைமுக வாயைத் தாண்டியதும் அவன் இஞ்சின் வேகத்தைக் குறைத்தான், இங்கேயே கரைத்துவிடலாம் என்று. நான் குடத்தைக் கொடுக்கவில்லை. "கரை மறையட்டும், அதுவரிக்கும் ஓட்டு" என்றேன். டீசல் என்று முனகினான், ஆனால் ஓட்டினான்.

வீடுகள் மறைந்தன. கிரேன்கள் மறைந்தன. கடைசியில் கரை என்று ஒன்று இல்லாமலே போனது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தடுப்பே இல்லை. இத்தனை பெரிய இடம் நம் வாசலிலேயே இருந்திருக்கிறது. உன்னை அங்கே விட்டுவிட்டு, நீ பார்க்க வேண்டியதை எல்லாம் நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பார்த்ததை உனக்காக இன்னும் கண்ணிலேயே வைத்திருக்கிறேன். கூடவே கோபத்தையும். ஆண்கள் தினமும் இதைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே ஒன்றுமில்லை என்று நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்.