அடைப்புக்குறிக்குள் மைனஸ் மூன்று

மார்ச் 3, செவ்வாய்

வேலையிடத்தில் மறுபடியும் சொல்லிவிட்டார்கள். பள்ளியிறுதி எஸ்பிஎம் பரீட்சையில் கணக்குக்குக் கிரெடிட் இல்லாமல் டிப்ளோமாவில் சேர முடியாது. டிப்ளோமா இல்லாமல் ஸ்டோர் சூப்பர்வைசர் ஆக முடியாது. முப்பத்திரண்டு வயதில் திரும்பப் பரீட்சை!

மாதவியிடம் சொன்னேன். "நான் சொல்லித் தரேன்லா, என்ன இப்போ?" என்றாள். பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கவுண்ட்ஸ் வேலையை முடித்து, கொமுட்டர் ரயிலில் நின்றபடியே கிள்ளானுக்கு வந்தவள். சமைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

(−2)ˣ = −1/8. நான் x = 3 என்று எழுதினேன்.

"மூணுன்னா மைனஸ் எட்டுதானே வரும்? பவர் மைனஸா இருந்தா நம்பர் தலைகீழா திரும்பும், அவ்வளவுதான். அப்போ?"

மைனஸ் மூன்று! என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். கல்யாணமான புதிதில் தட்டியதுபோல.

மார்ச் 8, ஞாயிறு

எழுதவே கூசுகிறது.

குரு வந்திருந்தான். என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். அவன் முன்னால் கெத்தாக ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். (−3)⁻². விடை −1/9 என்றேன்.

மாதவி எட்டிப் பார்த்தாள். "பிராக்கெட்ட விட்டுட்டீங்க. மைனஸ் மூணையும் மைனஸ் மூணையும் பெருக்குனா பிளஸ் ஒன்பது. ஒன்பதுல ஒண்ணு. மைனஸ் வராது."

குரு சிரித்தான். சாதாரணச் சிரிப்புதான். எனக்கு ஏன் அப்படிக் கோபம் ஏறிச்சு?

"ஒன்ன யாரு கேட்டா? ரெண்டு எழுத்து படிச்சிட்டா புருஷனுக்கே வாத்தியாரா?"

பென்சிலை மேசைமேல் வைத்தாள். மெதுவாக. எழுந்து போய் குருவுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். அவன் பாதி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அவ சொன்னது சரி. எனக்கும் அப்பவே தெரிஞ்சிச்சு. தெரிஞ்சுதான் கத்தினேன்.

மார்ச் 9

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 14, சனி

கேட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பரவால்லலா, விடுங்க" என்றாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"மறுபடி சொல்லித் தரியா?"

"நீங்க போடுங்க. முடிச்சிட்டுக் காட்டுங்க, பாக்குறேன்."

பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

x⁻² = 1/16. x = 4 என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தாள். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள்.

பிறகு புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினால் விடை இரண்டு: 4, −4. ஆமாம், மைனஸ் நாலை மைனஸ் நாலால் பெருக்கினாலும் பதினாறுதானே. அவளுக்குத் தெரியாதா?

சமையலறைக்குப் போனேன். "இன்னொண்ணு இருக்கே. ஏன் சொல்லல?"

கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தப்புன்னு சொன்னா உங்களுக்குப் பிடிக்காதுல்ல."

குத்திக் காட்டவில்லை. 'இவருக்குக் காரம் ஆகாது' என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

ஏப்ரல் 11, சனி

டியூஷன் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில்தான். வாரம் இரண்டு நாள்.

மாதவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதெல்லாம் எதுக்கு, நானே சொல்லித் தரேன் என்பாளோ என்று ஒரு நப்பாசை.

"நல்லதுங்க. அங்க கேட்டு நல்லா படிங்க" என்றாள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பார்க்க முடியவில்லை. காலில் இருந்த சப்பாத்தின் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.